வேஸ்ட் துணி சுற்றிய வயர்

என் மகளுக்கு இரண்டரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் கேட்டின் கொண்டியைத் தானே தூக்கிவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். நான் சமையலறையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சாயம் போடும் டையிங் பட்டறையிலிருந்து துணி ஏற்றி வந்த டெம்போக்காரர் வண்டியை நிறுத்தி, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, "உங்க பாப்பாதானுங்களே? நடுரோட்டுல உக்காந்து கல்லுப் பொறுக்கீட்டிருந்துச்சுங்க" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் நடுவே ஒரு கிளை ரோட்டில் எங்கள் வீடு. ரோட்டை ஒட்டி கேட். உள்ளே வந்தால் இடது கைப்பக்கம் என் கணவரின் தையல் ஷெட், நாற்பது மெஷின். அதைத் தாண்டி அறுபது எழுபது அடி உள்ளே தள்ளி வீடு. சமையலறை ஜன்னலில் ஷெட்டின் சுவர்தான் தெரியும், கேட் தெரியாது. பகல் முழுக்க ஆட்களும் டெம்போவும் போய்வரும் கேட்டைப் பூட்டி வைக்கவும் முடியாது.

அதனால் கேமரா கேட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததற்கெல்லாம் ஆரம்பம் என் பயம்தான் என்று அத்தை, என் கணவரின் அம்மா, சொன்னபோது, அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அந்த வருடங்களில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில்தான் கேமரா இருந்தது. வீட்டுக்கு யாரும் வைக்கவில்லை. என் கணவர் கேட்டவுடன் சரியென்றார். "நீ நிமிசத்துக்கு ஒருக்கா வாசலுக்கு ஓடறதுக்கு இது தேவல அம்மிணி" என்று சொல்லி, அடுத்த வாரமே வாங்கி வந்தார். ஒரு கேமரா, டி.வி.யோடு இணைக்கப் படத்துக்கான நீளமான கேபிள், கரண்டுக்கு ஒரு சின்ன அடாப்டர். படக் கேபிள் கேட்டிலிருந்து ஹால் வரை தாராளமாக எட்டியது. அடாப்டரின் வயர் ஒரு முழம்தான் இருந்தது. பிரச்சினை முழுக்க அந்த ஒரு முழத்தில் இருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொன்னாராம். "ஒரு வயர் இழுக்கறதுக்கு வெளியாளு எதுக்கு? நம்ம மெக்கானிக் இருக்காப்டில" என்று இவர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஷெட்டில் ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். மெஷினை நிறுத்தாமல் காதைச் சாய்த்துக் கேட்டே எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்வார். அந்தக் கையில் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. ஆனால் மெஷினுக்குத் தெரிந்தவருக்கு மழையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அவர் ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்தார். ஷெட்டின் கூரையில் மெஷின்களுக்குப் போகும் மெயின் லைனிலேயே நேராக ஒரு வயரைச் சேர்த்தார். தனி சுவிட்ச் இல்லை. "மெஷின் லைன்லதான் ஜெனரேட்டர் இருக்கு, கரண்டு போனாலும் கேமரா நிக்காது" என்றார். அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் கரண்ட் அப்போது நினைத்த நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார்களில் மிஞ்சிய வயர் துண்டுகளை ஒன்றோடொன்று முறுக்கி நீளமாக்கினார். அதைத் தாங்க, ஷெட் சுவரிலிருந்து கேட்டின் கீல்வரை நான் துணி காயப்போடும் இரும்புக் கம்பி இருந்தது. கம்பியோடு வயரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போனார். கேட் தூணின் உச்சியில் கேமரா. அதன் கீழே அடாப்டரை, டீசர்ட் பேக்கிங் செய்யும் பாலிபேக்கில் போட்டு எலாஸ்டிக்கால் இறுக்கிவிட்டார்.

எதனால் கட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எதையும் கட்டக் கயிறு வாங்குவது கிடையாது. கட்டிங்கில் விழும் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுப்பது, டிபன் பையின் அறுந்த காது, சூடான வாணலியின் பிடி, பெண்குழந்தையின் குடுமி, எல்லாம் அதே துணிதான். பனியன் கழுத்துப்பட்டிக்கு வைக்கும் ரிப் துணியைக் கிழித்தால் நீளமாக வரும், இழுத்துக் கட்டினால் நழுவாது. மெக்கானிக் அண்ணன் வயரைக் கம்பியோடு கட்டியது அதனால்தான். இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோகவே, வயர் முறுக்கிய இடங்களில் நாலைந்து சுற்று அழுத்திச் சுற்றியதும் அதனால்தான்.

ஹால் டி.வி.யில் கேட் தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் கொஞ்சம் வளைவாக இருந்தது. மகள் ஓடி வந்து பார்த்து, "நம்ம கேட்டு" என்றாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ரோட்டில் யார் யாரோடு வண்டியில் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை ரிப் துணி, கடிபட்ட விரலுக்குப் போட்ட கட்டு போல மூன்று இடத்தில் தெரிந்தது. அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அந்த ஜாயின்ட்டுல டேப்பு சுத்தலீங்க. துணி சுத்தியிருக்காங்க. மழை வந்தா என்னாகறது?"

"அவுரு இருவது வருசமா கரண்டு வேலை செய்யறாப்டில."

"அடாப்டர வெளிய வெக்கக் கூடாதுங்க. அதுவரைக்கும் போறது எரநூத்தி முப்பது வோல்ட்டு."

அத்தை டி.வி.யை விட்டுத் திரும்பாமலே, "இதுவும் பட்டன் மாதிரித்தானுங்களா அம்மிணி?" என்றார்.

அந்தப் பட்டன் எங்கள் வீட்டில் ஒரு பழமொழியாகிவிட்டது. மகள் ஷெட்டுக்குள் விளையாடியபோது காலர் பனியனுக்குத் தைக்கும் பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டாள் என்று நினைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு ஓடி, எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பாமல் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டன் அவள் கவுன் பாக்கெட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் பட்டன்தான். காய்ச்சல் என்றால் பட்டன், கதவிடுக்கில் கை என்றால் பட்டன். நானே என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தவள் நான். அந்தப் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சானதோடு சரி. அன்று மெக்கானிக் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டேன்.

"நீங்க வேறக்கா. இதுல என்ன ஆவப் போவுது? யானையக் கட்டுனாலும் அத்துக்கிடாது அந்தத் துணி" என்று சிரித்தார்.

அறுந்து போவதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனாலும் பேசாமல் வந்துவிட்டேன். இருபது வருடம் செய்தவர் முன்னால் மூன்று வருடம் படித்தது சிறியதாகத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியும்வரை தூறல். எட்டு மணிக்கு மேல் வானம் வெளுத்ததும் இரண்டு நாள் துணியை எடுத்துக்கொண்டு கம்பிக்குப் போனேன். ஷெட்டில் அன்று எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் லாரி வரும், குழந்தைகள் டீசர்ட் பெட்டி பெட்டியாகப் போக வேண்டும் என்று இரண்டு நாளாக அதே பேச்சுதான். கணவர் அவிநாசிக்கு லேபிள் வாங்கப் போயிருந்தார். மகள் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் குவளையில் தண்ணீர் பிடித்து விளையாடினாள். செருப்பு இல்லை.

முதல் கவுனைக் கம்பியில் போட்டபோது விரல் நுனியில் சுருக்கென்றது, கட்டெறும்பு கடித்த மாதிரி. சோப்பில் விரல் வெடித்திருக்குமோ என்று விரலைப் பார்த்தேன். வெடிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு கம்பி போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தேன். வெள்ளைத் துணிக்கட்டு ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தன. கம்பியின் அந்த முனை கேட்டின் கீலில் கட்டியிருந்தது. கீலோடு இரும்புக் கேட். மகள் குவளை நிறையத் தண்ணீரோடு கேட்டைக் குளிப்பாட்டக் கிளம்பியிருந்தாள். அவளுக்கு அது தினசரி வேலை. தண்ணீரை ஊற்றிவிட்டு, கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்று ஆடுவாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துக்கொள்வாள், அது அவளுக்கு விளையாட்டு. நடந்து போய் பின்னாலிருந்து தூக்கினேன். குவளை விழுந்தது. கேட்டுக்கும் அவள் கைக்கும் இடையே இரண்டு அடி இருந்திருக்கும்.

அவளை அத்தையின் மடியில் போட்டு, "இவள விட்றாதீங்க அத்தை" என்றேன். மேஜையிலிருந்த டெஸ்டரை எடுத்து, முதலில் ஹாலில் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. டெஸ்டர் நல்லதுதான். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்க் கம்பியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. சுவரில் வைத்தேன், எரியவில்லை. கேட்டில் வைத்தேன். எரிந்தது. அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தபோது பயத்தைவிட முதலில் வந்தது வேறொன்று. என் கணக்கு சரி என்ற நினைப்பு. அப்படி நினைத்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

அணைக்கத் தனி சுவிட்ச் இல்லாததால் ஷெட்டின் மெயினைத்தான் அணைக்க வேண்டும். அதை என் கணவரும் மெக்கானிக் அண்ணனும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. நான் ஷெட்டுக்குள் போனேன். கையில் இருந்த துண்டுகளோடு டெய்லர் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மெயினின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

நாற்பது மெஷினும் ஒன்றாக நின்றன. தூரத்தில் பூண்டிச் சிற்பக்கூடத்தின் உளிச் சத்தம் கேட்டது.

"போச்சா? இன்னிக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "லாரி வர்றது தெரிஞ்சே புடுங்குறாங்க" என்றாள் இன்னொருத்தி.

எங்கள் ஷெட்டில் கரண்ட் நின்றால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மெக்கானிக் அண்ணன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நேராக ஜெனரேட்டருக்குப் போவார், அரை நிமிடத்தில் அது உறுமும், திரும்பி வந்து, லைனை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்புவார். தினம் நாலைந்து முறை நடக்கும் பழக்கம். அன்றும் அப்படியே எழுந்து போனார். ஜெனரேட்டர் உறுமிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் வந்து திருப்பியதும் அந்த வயரில் மறுபடி கரண்ட் ஓடும். நான் மெயினை அணைத்ததற்கு அர்த்தமே இருக்காது.

சேஞ்ச்ஓவரின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"கரண்டு போயிட்டுக்கா. கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

"போகலீங்கண்ணா. நாந்தான் ஆஃப் பண்ணுனேன்."

அவர் என்னையும் மெயினையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா சொல்லுதீக? லாரி நாலு மணிக்கு வருது."

"கேட்டுல கரண்டு அடிக்குதுங்க. உங்க வயர்லிருந்து. அந்த ஜாயின்ட்ட வெட்டாம இதத் திருப்ப உடமாட்டேன்."

"கேட்டுலயா? இப்பதானே அத்தன பேரும் கேட்டத் தொட்டுட்டு உள்ள வந்திருக்காவ."

"அவங்கெல்லாம் செருப்புப் போட்டிருந்தாங்க. பாப்பா போடல."

முன்வரிசை அக்கா ஒருவர், "நானும் காலைல கேட்டத் தொட்டப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. கை மரத்துப் போச்சாக்கும்னு நெனச்சேன்" என்றார். அதற்குள் யாரோ என் கணவருக்குப் போன் செய்திருந்தார்கள்.

அவர் வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நான் சேஞ்ச்ஓவர் முன்னாலேயே நின்றேன். நாற்பது பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நான் வெயிலைப் பற்றி நினைக்கவே இல்லை.

கணவர் வந்தார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் ஆட்கள் முன்னால் குரலை உயர்த்தவில்லை. "எங்க, காட்டு" என்றார்.

டெஸ்டரை அண்ணனிடம் கொடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மட்டும் மெயினைப் போட்டேன். அவர் கேட்டில் வைத்தார். எரியவில்லை. கம்பியில் வைத்தார். அங்கும் எரியவில்லை.

"ஒண்ணுமில்லையே மொதலாளி" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, நிம்மதிதான் இருந்தது. அத்தை மகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அந்த வார்த்தை கேட்டுவிட்டது. பட்டன்.

ஒரு கணம் நான் என்னையே சந்தேகப்பட்டேன். டெஸ்டரைச் சரியாகப் பிடித்தேனா, வெயிலில் எரிவதுபோலத் தெரிந்ததா, சுருக்கென்றது எறும்புதானா. பிறகு ஷெட் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். துணிக்கட்டு மூன்றும் வெள்ளையாக இருந்தன. காலையில் சாம்பல் நிறம், இப்போது வெள்ளை.

மெயினை மறுபடி அணைத்தேன். "காஞ்சு போச்சுங்க, அதான்" என்றேன். "ஏனுங்க, கீழ கெடக்கற அந்தக் குவளைல தண்ணி எடுத்து, அந்தக் கட்டு மேல ஊத்துங்க. நான் ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்கேன்."

கணவர் ஸ்டூலில் ஏறி மூன்று கட்டிலும் ஊற்றினார். துணி நிறம் மாறியது. அவரை இறங்கச் சொல்லி, தள்ளி நிற்கச் சொல்லி, மெயினைப் போட்டேன். மெக்கானிக் அண்ணன் கம்பியில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. கேட்டில் வைத்தார். எரிந்தது. டெஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

நான் மெயினை இறக்கினேன்.

"ரிப் துணி தண்ணி குடிக்கும்னு நமக்குத் தெரியாதாக்கும்?" என்று கணவர் மெதுவாகச் சொன்னார். "துணி வந்ததும் மொதல்ல ஒரு சொட்டுத் தண்ணி உட்டு, எத்தன சீக்கிரம் உறிஞ்சுதுன்னுதானே பாக்கறோம். இத வெளிநாட்டு பையர் பாத்திருந்தான்னா அப்புடியே பாஸ் பண்ணியிருப்பான்."

மெக்கானிக் அண்ணன் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் இறுக்கத்த மட்டும்தான் பாத்தேங்கா" என்றார் கடைசியில். அவருக்கும் ஊரில் இதே வயதில் ஒரு பெண் இருந்தாள். அதை அவர் அப்போது சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஷெட் கூரையில் அந்த வயர் சேர்ந்த இடத்தை அவரே வெட்டினார். மெஷின்கள் ஓடத் தொடங்கின. ஷெட்டை விட்டு வெளியே வரும் முன் ஆட்களிடம் ஒன்று சொன்னேன். "புது வயர் இழுத்து முடியட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் கேட்டைத் தொட வேண்டாம்." வெட்டிய வயரில் கரண்ட் வராது என்று எனக்கே தெரியும். ஆனாலும் சொன்னேன். கேட்டைத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்தோம். லாரி ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அதை அத்தை ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது வயர் வேலையை நான் சொல்ல, அண்ணன் செய்தார். இரண்டு நாள் ஆனது. மகளின் வரையும் நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். அடாப்டர் வீட்டுக்குள்ளேயே, டி.வி.க்குப் பின்னால் இருக்கும். வெளியே போவது பன்னிரண்டு வோல்ட் மட்டும். அது நனைந்தாலும் யாரையும் அடிக்காது. அந்த பிளக்கில் இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போனாலும் கேமரா நிற்காது. ஷெட்டில் இல்லாத ஒன்று வீட்டு மெயின் போர்டில் இருந்தது: கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடும் பிரேக்கர். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுவதைப் பார்த்த பிறகே வேலையை ஆரம்பிக்க விட்டேன்.

வயர் பி.வி.சி. குழாய்க்குள் சுவரை ஒட்டிப் போனது, துணிக் கம்பிப் பக்கமே போகவில்லை. வீட்டுச் சுவரில் ஓட்டை போடும்போது உள்ளிருந்து வெளியே சரியும்படி போடச் சொன்னேன். ஓட்டைக்குள் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிடச் சொன்னேன்.

"இது எதுக்குக்கா தொங்கணும்? இழுத்துக் கட்டுனா அழகா இருக்கும்லா."

"தண்ணி வயர் மேலயே வழிஞ்சு வருங்கண்ணா. வளைவுக்கு வந்ததும் கீழ சொட்டீரும். இழுத்துக் கட்டுனா நேரா ஊட்டுக்குள்ள வந்துரும்."

அவர் வயரை வளைத்துப் பிடித்துப் பார்த்தார். "மெஷின்ல எண்ணெ வழிஞ்சு துணில படாம இருக்க நூலுக்கு இப்படித்தான் வளைவு விடுவோம்" என்றார். அதற்குப் பிறகு எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் முதல் நாள் சாயங்காலம், அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில், டி.வி.யில் படம் கோடு கோடாக ஓடி அணைந்தது. பகல் முழுக்க நன்றாகத் தெரிந்த படம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"பன்னெண்டு வோல்ட்டு பத்தலையோ என்னமோ" என்றார் அத்தை. வோல்ட் என்ற சொல்லை அவர் வாயில் முதல் முறையாக அன்றுதான் கேட்டேன்.

உண்மையிலேயே அதுதான். இருட்டத் தொடங்கியதும் கேமராவைச் சுற்றியுள்ள குட்டி விளக்குகள் சிவப்பாக எரியும், அப்போது அது அதிகக் கரண்ட் இழுக்கும். நான் வாங்கச் சொன்னது மிக மெல்லிய வயர். அது என் தப்பு. பயத்தில் வோல்ட்டைக் குறைப்பதையே நினைத்துக்கொண்டிருந்து, நீளத்தை மறந்துவிட்டேன். மெக்கானிக் அண்ணனின் மீட்டரால் வீட்டுக்குள் அளந்தால் பன்னிரண்டு, கேட்டில் அளந்தால் பத்துகூட இல்லை. எழுபது அடி போய் எழுபது அடி திரும்பி வருவதற்குள் மெல்லிய வயரே மிச்சத்தைத் தின்றுவிட்டது. நோட்டில் கணக்குப் போட்டேன். கல்லூரியை விட்ட பிறகு போட்ட முதல் கணக்கு. விடை வந்ததும் மறுபடி போட்டேன். அதே விடை. "ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயர் வாங்குங்க" என்றேன். மறுநாள் மாற்றினார்கள். சாயங்காலம் விளக்குகள் சிவந்தன, படம் அசையவில்லை. அத்தை, "இப்பத் தேவலீங்க" என்றார். எனக்கா டி.வி.க்கா என்று தெரியவில்லை.

அன்று இருட்டும்போது கணவர் கல்லை எடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

மறுநாள் காலை நல்ல மழை. நான் தோசை ஊற்றிக்கொண்டே ஹாலைப் பார்த்தேன். டி.வி.யில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கள் டெய்லர் பெண்கள், செக்கிங் அக்காமார்கள், பத்துப் பதினைந்து பேர் குடையின் கீழும் முந்தானையின் கீழும். யாரும் உள்ளே வரவில்லை. மெக்கானிக் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்று, கேமராவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் பூட்டு இல்லை. கொண்டியைத் தூக்கினால் திறந்துவிடும்.

அடுப்பை அணைத்தபோதுதான் நினைவு வந்தது. நான் சொல்கிற வரைக்கும் என்று சொல்லியிருந்தேன். வேலை முடிந்தது என்று யாரிடமும் சொல்லவே இல்லை.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, குடையோடு ஓடினேன். மகளும் பின்னால் வந்தாள்.

"கொண்டியத் தூக்கீட்டு வந்திருக்கலாமுங்களே. இத்தன மழைல" என்றேன்.

"நீங்க சொல்லலியேக்கா" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"உள்ள உடாம நிக்கறது இவுருதானுங்க" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண். "நா வந்தொடனே தொறக்கப் போனேன், கையத் தட்டி உட்டாரு."

டெஸ்டரைக் கேட்டில் வைத்தேன். எரியவில்லை. கம்பியில் வைத்தேன், கீலில் வைத்தேன். நான் பிறந்த சோமனூரில் தறி ஓட்டுகிறவர்கள் சந்தேகமான எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்கள். கரண்ட் இருந்தால் கை உதறி விலகும், உள்ளங்கை என்றால் மூடிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டேன். ஈர இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான் இருந்தது. பிறகு கொண்டியை முழுக் கையால் பிடித்துத் தூக்கினேன். எல்லோரும் என் பக்கமாக உள்ளே போனார்கள், சிலர் கேட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே.

மகள் என் சேலையைப் பிடித்தபடி நின்றாள். அவளும் மூன்று நாளாகக் கேட்டின் கிட்டே வரவில்லை. வரக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். காலில் செருப்பு இல்லை, தலை நனைந்திருந்தது.

"அம்மா, நானு?" என்றாள்.

டெஸ்டரை இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம் என்று கை போனது. பார்க்கவில்லை. டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தொடு கண்ணு" என்றேன்.

அவள் ஒரு விரலால் தொட்டாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழ்க் கம்பியில் ஏறி நின்று, மழையில் ஆடத் தொடங்கினாள். நான் கேட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஹால் டி.வி.யில் அத்தை பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "ரெண்டு பேரும் நனையாம உள்ள வாங்க சாமி" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.